அரபு எழுத்தில் தமிழ்: வாசிக்க ஆளின்றிப் போகும் நூல்கள்

தமிழகத்தின் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கரையோர ஊர்களிலும், இலங்கையின் பேருவளை, காலி, காத்தான்குடி போன்ற இடங்களிலும் பழைய முஸ்லிம் வீடுகளின் அலமாரிகளில் ஒருவகை நூல்கள் இருக்கின்றன. அவற்றை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் அரபு நூல்கள் என்றே எண்ணுவார்கள். எழுத்து அரபு. வரிகள் வலமிருந்து இடமாகச் செல்கின்றன. ஆனால் எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தால் காதில் விழுவது தமிழ்.

அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் அழைக்கப்படும் இந்த எழுத்துமுறை, பல தலைமுறைகளாகத் தமிழ் பேசும் முஸ்லிம்களின் சமயக் கல்விக்கும், பாடலுக்கும், கடிதப் போக்குவரத்துக்கும், கணக்குக்கும் கருவியாக இருந்தது. இன்று அதைத் தடையின்றி வாசிக்கக் கூடியவர்கள் பெரும்பாலும் முதியவர்களும் ஒரு சில மார்க்க அறிஞர்களும் ஆய்வாளர்களுமே.

அதேவேளை, அரபுத்தமிழ் என்பது தனியொரு மொழியா, அல்லது வேறு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ்தானா என்ற விவாதமும் நீடிக்கிறது. இலக்கணம் பற்றிய கேள்வியாக மட்டும் இது தோன்றலாம். ஆனால் அடையாள அரசியலும், அந்த நூல்களைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் இதற்குள் அடங்கியுள்ளன.

புள்ளிகளால் உருவான எழுத்துகள்

அரபு எழுத்துகள் 28. தமிழின் ஒலிகள் பலவற்றுக்கு அவற்றில் இடமில்லை. ப, ட, ண, ள, ழ, ங, ஞ ஆகியவற்றுக்கு அரபியில் எழுத்து கிடையாது. உயிரொலிகளிலும் அ, இ, உ ஆகிய மூன்று குறில்களுக்கும் அவற்றின் நெடில்களுக்குமே குறிகள் உள்ளன. எகர, ஒகரங்களைக் குறிக்க வழியில்லை.

இக்குறையை அரபு எழுத்துகளோடு புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்துத் தீர்த்துக்கொண்டனர். 'ஃபா' என்ற எழுத்தின் கீழே புள்ளி இட்டால் பகரம். 'நூன்' எழுத்தின் கீழே ஒரு புள்ளி இட்டால் ணகரம். 'அய்ன்' எழுத்தின் கீழே மூன்று புள்ளிகள் இட்டால் ஙகரம். சகரத்துக்குப் பாரசீகத்திலும் உருதுவிலும் உள்ளதுபோல் 'ஜீம்' எழுத்தில் மூன்று புள்ளிகள் இடப்பட்டன. எகர, ஒகரங்களுக்கும் தனிக் குறிகள் அமைந்தன. இவ்வாறு பத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் புதிதாகச் சேர்ந்தன. காலத்துக்கும் ஊருக்கும் எழுதுபவருக்கும் ஏற்பச் சில எழுத்துகளின் வடிவம் மாறுபடுவதும் உண்டு.

'தொழுகை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். தமிழ் முஸ்லிம்கள் நாளுக்கு ஐந்து முறை நிறைவேற்றும் கடமையின் பெயர் அது. அதில் வரும் ஒகரத்துக்கும் ழகரத்துக்கும் அரபியில் எழுத்தில்லை. 'நோன்பு' என்ற சொல்லில் ஓகாரமும் பகரமும் அப்படியே. சமயத்தின் அடிப்படைக் கடமைகளைத் தமிழ்ச் சொற்களாலேயே அழைத்த ஒரு சமூகம், அச்சொற்களை எழுதுவதற்காக அரபு எழுத்தையே விரிவுபடுத்த வேண்டியிருந்தது.

அரபு, உருது நூல்களில் குறில் குறிகளை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம். மொழியறிந்தவர் இடம் பார்த்து நிரப்பிக்கொள்வார். அரபுத்தமிழ் நூல்களிலோ குர்ஆன் பிரதிகளில் உள்ளதுபோல் உயிர்க்குறிகள் அனைத்தும் இடப்படுவதே பெரும்பான்மை வழக்கு. எனவே எழுத்துக்கூட்டத் தெரிந்த எவரும் அவற்றை வாசித்துவிட முடியும்.

தமிழ் எழுத்து இருக்க இது ஏன்?

நெடிய எழுத்து மரபுடைய ஒரு மொழிக்கு இன்னோர் எழுத்து எதற்கு என்ற கேள்வி இயல்பானது. இதற்கு மூன்று காரணங்கள் முதன்மையானவை.

முதலாவது, அரபுச் சொற்களின் ஒலிப்பு. 'கல்பு' என்று தமிழில் எழுதினால் அது இதயத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லாகவும் இருக்கலாம், நாயைக் குறிக்கும் அரபுச் சொல்லாகவும் இருக்கலாம். அரபியில் இவ்விரண்டும் வெவ்வேறு ககர ஒலிகள், வெவ்வேறு எழுத்துகள். ஸகரத்தை ஒத்த ஒலிகளிலும் இத்தகைய வேறுபாடுகள் உண்டு. வணக்கத்தில் ஓதப்படும் சொற்கள் பிழையின்றி ஒலிக்க வேண்டும் என்று கருதியவர்களுக்கு, தமிழ் விளக்கத்தின் நடுவே அரபுச் சொல் தன் சொந்த எழுத்திலேயே நிற்பது பெரும் வசதியாக இருந்தது.

இரண்டாவது, கல்வி. முஸ்லிம் குழந்தைகள் முதலில் கற்றது குர்ஆனை ஓதுவதற்கான அரபு எழுத்தையே. பொருள் விளங்காவிட்டாலும் எழுத்துக்கூட்டத் தெரியும். அந்த அறிவைக் கொண்டே தாய்மொழியில் நூல் வாசிக்க இயலுமென்றால் இரண்டாவது எழுத்தைக் கற்கும் தேவை குறைகிறது. பருவமடைந்த பெண்கள் வீட்டை விட்டுப் பள்ளிக்கூடம் செல்லாத காலத்தில், பெண்களின் வாசிப்புக்கு அரபுத்தமிழே வாயிலாக அமைந்தது. கீழக்கரையைச் சேர்ந்த செய்யிது ஆசியா உம்மா போன்ற பெண் புலவர்கள் இம்மரபில் ஆன்மிகப் பாடல்கள் இயற்றியுள்ளனர். அக்காலப் பள்ளிக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவற்றவர்களாகக் கருதப்படக் கூடிய பெண்கள் பலர், உண்மையில் தமிழை வேறோர் எழுத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது, கடல்வழி வணிகம். சோழமண்டலக் கரை, இலங்கை, மலாய்த் தீவுகள் ஆகியவற்றுக்கிடையே சென்றுவந்த வணிகர்கள் பழகிய உலகில் அரபு எழுத்தே பொதுவாக இருந்தது. மலாய் மொழிக்கு ஜாவி, சாவக மொழிக்குப் பெகோன், மலையாளத்துக்கு அரபு மலையாளம், கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாஹிலி என இந்துமாக்கடலைச் சூழ்ந்த பல மொழிகள் இதே வழியில் அரபு எழுத்தை ஏற்றுத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டன. அரபுத்தமிழ் இந்தப் பெரிய குடும்பத்தின் ஓர் உறுப்பு.

இரண்டு எழுத்துகள், இரண்டு பணிகள்

முஸ்லிம்கள் அரபு எழுத்தில் எழுதினார்கள் என்பதால் தமிழ் எழுத்தைக் கைவிட்டிருந்தார்கள் என்று பொருளல்ல. இன்று கிடைக்கும் பழைய இஸ்லாமியத் தமிழ் நூல்களில் ஒன்றான ஆயிர மசலா 1572ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் கம்பனின் காப்பிய மரபில் நிற்பது. அதை 1842இல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் புலவர் நாயகம் எனப் போற்றப்படும் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். சித்திலெப்பை 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்', சிங்கப்பூரில் 1887இல் மகுதூம் சாயுபு தொடங்கிய 'சிங்கை நேசன்' ஆகியன தமிழ்ப் பத்திரிகை வரலாற்றின் தொடக்க கால இதழ்கள். தமிழின் முதல் நாவல்களில் ஒன்றாகக் கருதப்படும் அசன்பே சரித்திரத்தை 1885இல் எழுதியவரும் அதே சித்திலெப்பைதான்.

எனவே ஒரே சமூகத்தில் இரண்டு எழுத்துகள் ஒருங்கே வழங்கின. காப்பியம், அந்தாதி, பிள்ளைத்தமிழ், பின்னர் பத்திரிகை, நாவல் ஆகியவற்றுக்குத் தமிழ் எழுத்து. மார்க்கச் சட்ட விளக்கம், வணக்க முறை, சூஃபி நெறி, குர்ஆன் விரிவுரை, வீட்டில் ஓதும் பாடல் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் அரபு எழுத்து. முதலாவது, புலவர்களையும் பொதுத் தமிழுலகையும் நோக்கியது. இரண்டாவது, ஊரையும் பள்ளிவாசலையும் வீட்டையும் நோக்கியது. இவ்வெல்லை இறுக்கமானதன்று. ஒரே பாடல் இரு எழுத்துகளிலும் கிடைப்பதுண்டு.

அரபுத்தமிழ் உரைநடையின் பேராளுமை, இமாமுல் அரூஸ் என அறியப்படும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898). காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த அவர், இலங்கைக்குப் பலமுறை சென்று அங்கும் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தார். அவருடைய 'ஃபத்ஹுத் தய்யான்' நம்பிக்கையையும் அன்றாட மார்க்கச் சட்டத்தையும் எளிய தமிழில் விளக்குவது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1963இல் வெளிவந்தது.

சீறாப்புராணம் போன்ற செய்யுள்களுக்கு அப்பால், 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை எவ்வாறு வளர்ந்தது என்பதை ஆராய்வோருக்கு இத்தகைய நூல்கள் முக்கியச் சான்றுகள். ஆனால் தமிழ் உரைநடை வரலாறு பேசும் நூல்களில் கிறிஸ்தவ மிஷனரிமாருக்குக் கிடைக்கும் இடத்தில் ஒரு சிறுபகுதிகூட இவற்றுக்குக் கிடைப்பதில்லை. அவற்றை எழுதுவோரால் இந்நூல்களை வாசிக்க இயலாமையே இதன் எளிய காரணம்.

கல்லச்சு தந்த வாழ்வு

அரபுத்தமிழின் பொற்காலம் பெரும்பாலும் நினைக்கப்படுவதுபோல் மிகப் பழையதன்று. அராபிய வணிகர்கள் வந்த எட்டாம் நூற்றாண்டிலிருந்தே இவ்வெழுத்து வழங்கியது என்ற கருத்து பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இன்று கிடைக்கும் பிரதிகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டையும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்தவை.

இதற்குக் கல்லச்சு முக்கியக் காரணம். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறையில், புதிய புள்ளிகள் கொண்ட ஒவ்வோர் எழுத்துக்கும், சொல்லில் அது நிற்கும் இடத்துக்கேற்ற வடிவங்களுக்கும் தனித்தனியே அச்சு வார்க்க வேண்டும். கல்லச்சில் அந்தத் தொல்லை இல்லை. எழுத்தர் கையால் எழுதிய பக்கம் அப்படியே கல்லில் பதிந்து நூற்றுக்கணக்கான படிகளாகிவிடும். இதனால் சென்னை, பம்பாய், கொழும்பு ஆகிய நகரங்களில் அரபுத்தமிழ் நூல்கள் அச்சாகிக் கடல்கடந்தும் சென்றன.

இப்பழக்கம் தமிழர்களோடு நின்றுவிடவில்லை. இலங்கையில் வாழும் மலாய் சமூகத்தினர் தம் மொழியை ஜாவி எழுத்தில் எழுதிவந்தனர். 1869இல் கொழும்பில் 'ஆலாமத் லங்காபுரி' என்ற மலாய் இதழையும் அவ்வெழுத்தில் வெளியிட்டனர். அச்சமூகத்தின் கையெழுத்துப் பிரதிகளில் மலாயும் அரபியும் அரபுத்தமிழும் அருகருகே இடம்பெறுவதை ஆய்வாளர் ரோனிட் ரிச்சி எடுத்துக்காட்டியுள்ளார். எழுத்து ஒன்றாக இருந்ததால், ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது அவர்களுக்கு எளிதாயிற்று.

மறைவு எவ்வாறு நேர்ந்தது?

அரபுத்தமிழை எவரும் தடை செய்யவில்லை. துருக்கியில் 1928இல் நிகழ்ந்ததுபோன்ற அரசாணை எதுவும் இங்கு வரவில்லை. அதைப் பயன்படுத்தியவர்களுக்கே அதன் தேவை குறைந்துபோனது.

பள்ளிக் கல்வி விரிவடைந்தபோது ஆண் பிள்ளைகளும், பின்னர் பெண் பிள்ளைகளும் தமிழ் எழுத்தைக் கற்றனர். இலங்கையில் 1940களில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இதை விரைவுபடுத்தியது. அரசுப் பணி, பத்திரிகை, தேர்தல், அஞ்சல் ஆகிய அனைத்தும் தமிழ் எழுத்திலேயே இருந்தன.

சமூகத்துக்குள்ளிருந்தும் மாற்றத்துக்கான குரல்கள் எழுந்தன. 'தாருல் இஸ்லாம்' இதழை நடத்திய பா. தாவூத்ஷா போன்றோர், மார்க்கத்தை எல்லோரும் அறியும் நல்ல தமிழில் சொல்ல வேண்டும் என்று வாதிட்டனர். அப்துல் ஹமீது பாகவியின் குர்ஆன் மொழிபெயர்ப்பு தமிழ் எழுத்தில் வெளிவந்து பரவலாக வாசிக்கப்பட்டது. தமிழகத்தில் திராவிட இயக்கமும் தமிழுணர்வும் வளர்ந்த காலத்தில், தாங்களும் தமிழரே என்பதை வலியுறுத்திய முஸ்லிம்களுக்குத் தமிழ் எழுத்து ஓர் அடையாளமாகவும் ஆயிற்று. பின்னாளில் வந்த சீர்திருத்த இயக்கங்கள் மவ்லிது, மாலைப் பாடல்கள் ஆகியவற்றை விமர்சித்தபோது, அரபுத்தமிழ் நூல்கள் வீடுகளில் ஓதப்படும் வாய்ப்பும் குறைந்தது.

அண்டை மாநிலமான கேரளத்தில் நிலைமை வேறு. 1607இல் இயற்றப்பட்ட முஹ்யித்தீன் மாலை முதல், மோயின்குட்டி வைத்தியரின் 1872ஆம் ஆண்டுக் காதற்காவியம் வரை அரபு மலையாளத்துக்குப் பெரும் இலக்கியச் செல்வம் உண்டு. அதைவிட முக்கியமானது, சமஸ்தா அமைப்பின் மத்ரஸா பாடநூல்கள் நெடுங்காலம் அரபு மலையாளத்தில் அச்சிடப்பட்டன என்பதே. சிறுவர்கள் வகுப்பறையில் கற்றதால் எழுத்து பிழைத்தது. தமிழகத்திலோ இலங்கையிலோ அரபுத்தமிழுக்கு அத்தகைய பரந்த நிறுவன ஆதரவு வாய்க்கவில்லை. மார்க்கக் கல்வியின் முதன்மை நிலையங்களில் ஒன்றான வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில்கூட அரபியோடு உருதுவே நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது.

மொழியா, எழுத்தா?

அரபுத்தமிழ் பயன்பாட்டிலிருந்து விலகிய பின்னரே அது ஒரு தனி மொழி என்ற கருத்து வலுப்பெற்றது என்பது கவனிக்கத்தக்கது. தைக்கா ஷுஐபு ஆலிம் 1993இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு நூல், தமிழகத்திலும் இலங்கையிலும் வழங்கிய அரபு, அர்வி, பாரசீக நூல்களை விரிவாகத் தொகுத்துரைத்தது. அர்வி என்ற பெயர் பரவலானதில் அந்நூலுக்குப் பெரும் பங்குண்டு. மறுபுறம், ஜெர்மன் ஆய்வாளர் டோர்ஸ்டன் ட்சாகர், எழுத்தாக இருந்தது மொழியாக உருமாற்றப்பட்டது இருபதாம் நூற்றாண்டில்தான் என்று வாதிடுகிறார். பழைய நூல்களில் 'அர்வி' என்ற அரபுச் சொல் தமிழையே குறித்தது என்பது அவர் தரப்பு. தமிழுக்குத் தெலுங்கர் வழங்கிய 'அரவம்' என்ற பெயரோடு இச்சொல்லை இணைப்போரும் உண்டு.

இலக்கணத்தை நோக்கினால் விடை தெளிவானது. 'கிதாபை ஓதினான்' என்ற தொடரில் 'கிதாபு' அரபுச் சொல். ஆனால் அதை ஏற்ற இரண்டாம் வேற்றுமை உருபும், வினையும், கால இடைநிலையும், விகுதியும் தமிழ். அரபுச் சொற்கள் மிகுதியாகக் கலந்தாலும் வாக்கியத்தைக் கட்டுவது தமிழ்தான். வடசொல் மிகுந்த மணிப்பிரவாள உரைகளைத் தமிழ் இலக்கிய வரலாறு ஏற்றுக்கொண்டது போலவே இவற்றையும் ஏற்கத் தடையில்லை. இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதிய இலங்கைப் பேராசிரியர் ம. மு. உவைஸ், இவற்றைத் தமிழ் இலக்கியத்தின் பகுதியாகவே கொண்டார்.

எனினும் இலங்கையில் இவ்விவாதம் இலக்கணத்தோடு முடிவதில்லை. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். அவர்கள் பேசும் மொழி அவருடைய சான்றுகளில் ஒன்று. சட்டசபையில் தனிப் பிரதிநிதித்துவம் கோரிக்கொண்டிருந்த சமூகத்துக்கு அது அரசியல் அச்சுறுத்தலாகத் தெரிந்தது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் விரிவான மறுப்பை வெளியிட்டார். அன்று தொடங்கி, தமிழ் பேசினாலும் தாம் தனி இனம் என்ற நிலைப்பாடு அங்கு உறுதிப்பட்டது. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட பின்னர் அந்த இடைவெளி மேலும் ஆழமானது. தமக்கெனத் தனி மொழி இருந்தது என்ற எண்ணம் இச்சூழலில் சிலரைக் கவர்வதைப் புரிந்துகொள்ள முடியும்.

ஆனால் தனி மொழி என்ற வாதத்துக்கு ஒரு விலை உண்டு. அது வேறு மொழி என்றால், அதைத் தேடுவதும் பதிப்பிப்பதும் தமது வேலையல்ல என்று தமிழ் நிறுவனங்கள் ஒதுங்கிவிட இடமுண்டு. அது வெறும் எழுத்து என்று சொல்லிக் கடப்பதற்கும் விலை உண்டு. அவ்வெழுத்தைச் சூழ்ந்திருந்த கல்விமுறை, பெண்களின் வாசிப்பு, கடல்கடந்த தொடர்பு ஆகிய அனைத்தும் பார்வையிலிருந்து மறைந்துவிடும். தமிழ் நூலகரால் எழுத்தை வாசிக்க முடிவதில்லை. அரபு நூலகரால் மொழியைப் புரிந்துகொள்ள முடிவதில்லை. இரண்டு பட்டியல்களுக்கும் இடையே நூல்கள் விழுந்துவிடுகின்றன.

எஞ்சியிருப்பவை

பழைய பள்ளிவாசல் பதிவேடுகள், இலங்கையில் கடுத்தம் எனப்படும் திருமணப் பதிவுகள், வணிகர் குடும்பங்களின் கடிதங்கள், மருத்துவக் குறிப்புகள் எனத் தனியார் வீடுகளில் உள்ளவை அச்சு நூல்களைவிடவும் அரியவை. ஓலைச்சுவடியைக் கண்டால் அது பழைமையானது என்று வீட்டாருக்குத் தெரியும். அரபு எழுத்திலுள்ள காகிதத்தைப் பற்றி அப்படியல்ல. அது இறைவசனமாக இருக்கக்கூடும் என்ற மரியாதையால் குப்பையில் எறியப்படாமல் காக்கப்படுகிறது. வாசிக்க முடியாததால் அதே மரியாதையோடு மண்ணில் புதைக்கப்படுவதும் நீரில் விடப்படுவதும் உண்டு. பாட்டனாரின் கணக்கேடு குர்ஆன் ஏடாகக் கருதப்பட்டு அடக்கம் செய்யப்படுவதைத் தடுக்க, வீட்டில் ஒருவருக்காவது எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும்.

தொழில்நுட்பத் தடைகளில் ஒன்று நீங்கியுள்ளது. 2015இல் வெளியான யூனிகோடு 8.0 பதிப்பு, அரபுத்தமிழுக்கெனத் தேவைப்பட்ட எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டது. கல்லச்சு ஓய்ந்த பின் எளிதில் அச்சிட இயலாதிருந்த எழுத்துகள், கணினியில் தமக்கென இடம் பெற்றன. நூல்களை மின்படியாக்கும் முயற்சிகளும் நடைபெற்று வருகின்றன.

ஆயினும் படம் பிடித்து வைப்பது முதற்படி மட்டுமே. படியெடுக்கப்பட்ட பக்கத்தைத் தமிழ் எழுத்துக்கு மாற்றித் தந்தால்தான் பொதுவாசகரும் இலக்கிய வரலாற்றாசிரியரும் அதைப் பயன்படுத்த இயலும். அதற்கு அரபு எழுத்தின் நுட்பமும், கரையோர முஸ்லிம்களின் வழக்குத் தமிழும், பழைய தமிழ் இலக்கியமும் ஒருங்கே அறிந்தவர்கள் தேவை. இம்மூன்றையும் அறிந்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது.

தமிழ் அறிந்த, குர்ஆன் ஓதத் தெரிந்த ஓர் இளைஞருக்கு அரபுத்தமிழ் எழுத்தைக் கற்பது கடினமன்று. புதிதாகப் பழக வேண்டியவை சில எழுத்துகளும் இரண்டொரு குறிகளுமே. சென்னையிலும் மதுரையிலும் கொழும்பிலும் பேராதனையிலும் உள்ள தமிழ்த் துறைகளோ, இரு நாடுகளிலும் உள்ள அரபுக் கல்லூரிகளோ இதைப் பாடமாக்கினால், வாசிப்போர் எண்ணிக்கையை ஒரு தலைமுறைக்குள் மீட்க முடியும். அலமாரிகளில் இருக்கும் காகிதங்கள் அதுவரை தாங்குமா என்பது கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றையும், கறையானையும், வீட்டாரின் அக்கறையையும் பொறுத்தது.